எட்மண்ட் வாத்தியாரின் கடைசிக் கோட்டை

கேட் கொண்டியின் சத்தம் கேட்டபோது எட்மண்ட் வாத்தியார் கடைசிக் கோட்டையின் கதவை உடைத்துக்கொண்டிருந்தார்.

கோட்டை டிவியில் இருந்தது. கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன மகன் விட்டுச் சென்ற வீடியோ கேமில் வாளேந்திய ஒரு குட்டி ராஜா. சரித்திரம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த எட்மண்ட், பள்ளிக்கூடத்துக்குத் தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு, மத்தியானச் சோற்றையும் மறந்து ராஜாவை இவ்வளவு தூரம் நடத்தி வந்திருந்தார். மாடம்பாக்கத்தில் கோயில் கட்டிய சோழன்கூட ஒரே நாளில் இத்தனை கோட்டை பிடித்திருக்க மாட்டான் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. ஆனால் அந்தப் பெட்டியில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. பாதியில் நிறுத்தி வைக்கலாம். அணைத்தாலோ, ராஜா மறுபடி முதல் கோட்டை வாசலில் பிச்சைக்காரனாக நிற்பான்.

இதில் இன்னொரு சங்கடம், அது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து காலம். ஈஸ்டர் வரை டிவி பார்ப்பதில்லை என்று சபைக்கு முன்னால் எழுந்து நின்று பொருத்தனை செய்தவர் எட்மண்ட். அவர் மனைவி தபீதாள் ஊதா வெல்வெட்டில், நடுவே வெள்ளை லேஸால் ஒரு சிலுவை வைத்துத் தைத்து, டிவிக்குப் போர்வையே போட்டிருந்தாள். சிட்லபாக்கம் முழுக்கப் பேசப்பட்ட போர்வை அது. வரும் ஞாயிறு நடக்கும் சபைச் செயலாளர் தேர்தலில் எட்மண்ட் ஜெயித்தால் அது அந்தப் போர்வையால்தான். எதிர்த்து நின்றவர் சுந்தர்சிங். பாங்க் கேஷியர். கள்ள நோட்டை வாசனையிலேயே கண்டுபிடிப்பவர்.

"என்னங்க, கதவைத் திறங்க. சுந்தர்சிங் அண்ணன் வீட்டுல தண்ணி டேங்க் உடைஞ்சு ஹால் பூரா வெள்ளம். ஜெபக்கூட்டத்த நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன்," என்றாள் தபீதாள் வெளியிலிருந்து.

எட்மண்டின் கை சுவிட்ச் வரைக்கும் போனது. ராஜாவைப் பார்த்தார். ராஜாவும் அவரைப் பார்த்தான். கை திரும்பி வந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி வைத்து, சத்தத்தை ஒடுக்கி, போர்வையைப் போர்த்தி, ஜாய்ஸ்டிக்கை சோபா மெத்தைக்கு அடியில் திணித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

போதகர் நேராக வந்து அந்த மெத்தையிலேயே உட்கார்ந்தார். எதுவோ குத்தியிருக்க வேண்டும். ஆனாலும் இயேசு பட்ட பாடுகளின் காலமாயிற்றே என்று பொறுத்துக்கொண்டார்.

யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். போர்வையின் ஓரம் மெல்லத் தூக்கியது. எட்மண்ட் பாய்ந்து விசிறியை நிறுத்தினார். "லெந்து நாள்ல காத்தும் ஒரு சுகபோகம்தானே பாஸ்டர்," என்றார். போதகர் கண்கலங்கினார். மற்றவர்கள் வியர்வையில் கலங்கினார்கள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முதல் பாட்டு முடிவதற்குள் சுந்தர்சிங்கின் மூக்கு டிவி பக்கம் திரும்பிவிட்டது.

"பிரதர், அந்தச் சிலுவை மின்னி மின்னி எரியுதே."

எரியத்தான் செய்தது. நிறுத்தி வைத்த ராஜா கண் சிமிட்டுவதுபோல் மின்னிக்கொண்டிருக்க, அந்த வெளிச்சம் லேஸ் வழியாக வந்துகொண்டிருந்தது. டியூப்லைட் பட்டு அப்படித் தெரிகிறது என்று எட்மண்ட் சமாளித்தார். அப்படிச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சுந்தர்சிங் எழுந்து போய் டியூப்லைட்டை அணைத்தார். இருட்டில் சிலுவை இரண்டு மடங்கு ஜொலித்தது. கூடம் முழுவதும் மூச்சை அடக்கியது.

சுந்தர்சிங் போர்வையின் நுனியைப் பிடித்தார். எட்மண்டுக்குத் தேர்தலும் கோட்டையும் ஒன்றாகச் சரிவது தெரிந்தது.

"தொடாதீங்க," என்றார் போதகர். அவர் ஏற்கெனவே முழங்காலில் இருந்தார். "உடன்படிக்கைப் பெட்டியைத் தொட்டவன் செத்து விழுந்தான்னு வேதத்துல படிச்சிருக்கோம்ல."

சுந்தர்சிங் சூடுபட்டவர்போல் கையை எடுத்தார். தபீதாள் மெழுகுவர்த்திகளை ஏற்றி ஆளுக்கொன்று கொடுத்தாள். பாட்டு கிளம்பியது. அக்கம்பக்கத்தவர் எட்டிப் பார்த்தார்கள், எட்டிப் பார்த்தவர் உள்ளே வந்தார்கள், உள்ளே வந்தவர்களில் ஒருவர் கற்பூரத் தட்டோடு வந்தார். ஜன்னல் கம்பிகளில் மட்டும் தாம்பரம் பஸ்ஸுக்குத் தேவையான கூட்டம் தொங்கியது. எங்கோ ஒரு வெடிச்சத்தம் கேட்டது. பெருங்களத்தூர் பக்கம் யார் வீட்டுக் கல்யாணமோ என்று நினைத்துக்கொண்டார் எட்மண்ட். தெருவிலிருந்த டிவிகள் ஒவ்வொன்றாக அல்ல, ஒரே மூச்சில் ஓய்ந்தன. தன் புகழ் இவ்வளவு வேகமாகவா பரவுகிறது என்று அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சிமிட்டலும் நின்றுபோனது. சிலுவை இப்போது அசையாமல், பாலைக் காய்ச்சி ஊற்றியதுபோல் எரிந்தது. ராஜாவுக்கும் மரியாதை தெரிந்திருக்கிறது என்று எட்மண்ட் உள்ளுக்குள் மெச்சினார்.

"சந்தேகப்பட்ட பாவி நான்," என்று சுந்தர்சிங் விம்மினார். "தேர்தல்லேர்ந்து விலகிக்கிறேன் பிரதர். செயலாளர்னா அது நீங்கதான்."

உண்மையைச் சொல்லிவிட எட்மண்டுக்கு ஒரு கணம் வாய் துடித்தது. வாயை ஆமென் சொல்லப் பயன்படுத்திக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அந்தத் தெருவில் விளக்கு எரிந்தால்தான் அதிசயம் என்பதால், மெழுகுவர்த்திகளைக் கையில் பிடித்தபடியே எல்லோரும் பாடிக்கொண்டு போனார்கள். எட்மண்ட் கதவைச் சாத்தினார். சிலுவை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஜாய்ஸ்டிக்கை உருவி எடுத்துக்கொண்டு, கோட்டைக்குள் நுழையும் சக்கரவர்த்தியைப்போலப் போர்வையை விலக்கினார்.

திரை கறுப்பாக இருந்தது.

சுவிட்ச் போட்டபடியேதான் இருந்தது. தட்டினார், ஆட்டினார், கெஞ்சினார். ராஜா போய்விட்டான். பகல் முழுக்கப் பிடித்த ராஜ்யம் போய்விட்டது.

"யார் இதை அணைச்சது? நான் போர்வையைத் தூக்குற நேரம் பார்த்தா கரண்டு போகணும்?" என்று தபீதாளிடம் எரிந்து விழுந்தார். அவள் போர்வையையும் ஜாய்ஸ்டிக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுப் பச்சையம்மா, மாடு வைத்துப் பால் ஊற்றுபவள், கையில் அணைந்துபோன சிம்னி விளக்கோடு நின்றாள்.

"ஒரு தீப்பெட்டி குடு சார். விளக்கு வெக்கிற நேரத்துல அந்த டிரான்ஸ்பார்மர் வெடிச்சி, தெருவுக்கே கரண்டு பூட்ச்சு. இவ்ளோ நேரம் உன் வூட்டு டிவி வெளிச்சத்துலதான் பால் கறந்துகினு இருந்தேன். சத்தமே போடாத அந்த ஜெனரேட்டர எங்க சார் வாங்குன?"