பொறி பறந்த பேட்டரியும் ஆஃப்சைடு கோலும்

போன வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வேன்ல இருக்கிற பேட்டரி நல்லா இருக்கான்னு பாக்கணும். அவ்வளவுதான்.

ஹார்பர்ல முப்பது வருஷம் கன்டெய்னர் லாரி ஓட்டினவன் நான். வேலையை விட்டதும் பழைய வேன் ஒண்ணு வாங்கி, உள்ளே ரெண்டு படுக்கை, ஒரு ஃபேன், ஒரு குட்டி ஃப்ரிட்ஜ்னு வீடாவே மாத்திட்டோம். வண்டி ஓடறதுக்குத் தனி பேட்டரி. உள்ளே இருக்கிற வீட்டுக்குத் தனியா ஒரு லித்தியம் பேட்டரி. அதை வாங்கி மாட்டினது என் பையன். மாட்டின கையோட கப்பல்ல வேலைக்குப் போயிட்டான்.

மறுநாள் விடிஞ்சா நானும் என் சம்சாரம் ஸ்டெல்லாவும் வேளாங்கண்ணி கிளம்பணும். அவளோட இன்சுலின் அந்த ஃப்ரிட்ஜ்லதான் வரணும்.

"யோவ், ஃப்ரிட்ஜு ஓடும்ல? ஓடலன்னா நான் வரமாட்டேன். தெருவுக்கே சொல்லி வெச்சிகீறேன், மானம் பூடும்."

"நான் பாக்காத பேட்டரியா? நீ போய்ப் புளிசாதம் கட்டு!"

அந்த வாயை அப்பவே தெச்சிருக்கணும்.

டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலோட வேனுக்குள்ள போனேன். லாரிக்காரனுக்கு பேட்டரி பராமரிப்புன்னா முதல்ல தண்ணி ஊத்தறதுதான். மூடியைத் தேடினேன். இல்ல. வயரோடவே தூக்கிக் கவுத்துப் பாத்தேன். அடியிலயும் இல்ல. தூக்கறப்பவே சந்தேகம் வந்துச்சு. லாரி பேட்டரியைத் தூக்கினா இடுப்பு கழண்டுடும். இது பத்து கிலோ அரிசிப் பை மாதிரி லேசா வருது! உள்ளே சரக்கு இருக்கா, இல்ல வெறும் டப்பாவா?

தேங்காயைத் தட்டற மாதிரி தட்டிப் பாத்தேன். காதுல வெச்சு ஆட்டினேன். சத்தமே இல்ல.

சரி, நம்ம பழைய டெஸ்ட்டுதான். லாரி ஷெட்ல எங்களுக்கு மீட்டர் கீட்டர் எல்லாம் கிடையாது. ஸ்பேனரை எடுத்து ரெண்டு முனைக்கும் குறுக்கே ஒரு தேய். பொறி பறந்தா பேட்டரிக்கு உசுரு இருக்கு. பறக்கலன்னா காயலான் கடை.

தேச்சேன்.

பறந்துச்சு பாருங்க! தீபாவளி! ஸ்பேனர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "சூப்பர் பேட்டரி!"னு கைதட்டிக்கிட்டே எழுந்து பாத்தா, ஃபேன் நின்னுடுச்சு. ஃப்ரிட்ஜ் லைட்டும் அவுட்டு. பக்கத்து வீட்டு வோல்ட்டு மீட்டரை வாங்கி வெச்சேன். சைபர்.

ஸ்டெல்லா எட்டிப் பாத்தா. "இன்னாயா சத்தம்?"

"டெஸ்ட்டு."

"பாஸா ஃபெயிலா?"

பேட்டரியைக் கழட்டி முன் சீட்டுல வெச்சேன். அவ புளிசாதக் கரண்டியோடவே பக்கத்துல ஏறிட்டா.

திருவொற்றியூர்ல முதல் கடை. "லித்தியமா? நமக்குத் தெரியாது நைனா. ரத்தினத்தாண்ட போ."

ராயபுரத்துல ரெண்டாவது கடை. "இதுக்கு ரத்தினம் அண்ணன்தான் கரெக்டு."

சிக்னல்ல நின்ன கரன்ட் ஆட்டோக்காரரைக் கேட்டேன். "ரத்தினம்."

ஊர்ல வேற ஆளே பொறக்கலையா!

இந்த ரத்தினம் யாருன்னு சொல்லணும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி, வியாசர்பாடி கிரவுண்டு. ஃபுட்பால் ஃபைனல். கடைசி நிமிஷத்துல நான் ஒரு கோல் போட்டேன். என் வாழ்க்கையிலயே ஒரே ஒரு கோல். அதை ஆஃப்சைடு, செல்லாதுன்னு விசில் ஊதின ரெஃபரி இவன். அன்னைக்கு சத்தியம் பண்ணேன், இவன் முகத்துல முழிக்கமாட்டேன்னு. அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் போகல. அந்த பிரியாணி நல்லா இருந்துச்சுன்னு சொன்னவங்க கிட்டயும் ஆறு மாசம் பேசல.

"நீ மட்டும் போய்க் குடுத்துட்டு வாயேன்"னு அவன் கடை வாசல்ல வேனை நிறுத்தி ஸ்டெல்லா கிட்ட கெஞ்சினேன்.

"ஸ்பேனர் வெச்சது நானா நீயா?"

வேற வழி? முகத்துக்கு மாஸ்க். அதுக்கு மேல ஹெல்மெட். பேட்டரியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, குரலை மாத்தி, "சார், இது ஒரு ஃப்ரெண்டோடது..."ன்னு ஆரம்பிச்சேன்.

ரத்தினம் தலையே தூக்கல. "வா தாஸு. ஹெல்மெட்ட கழட்டு, உள்ள வெந்துடப் போற."

"நா... நான் தாஸ் இல்ல."

"வாசல்ல நிக்கிற வேன் நெத்தியில 'தாஸ் ஸ்டெல்லா'ன்னு அம்மாம் பெருசா எழுதிகினு கீற. வேன்ல வந்துட்டு எவனாச்சும் ஹெல்மெட் போடுவானா?"

கழட்டினேன். பேட்டரியை வாங்கி முனையை விரலால தடவினான். விரல்ல கரி. "ஸ்பேனர் வெச்சியா?"

"சேச்சே!"

"வெச்சாருண்ணா"ன்னா ஸ்டெல்லா. கட்டினவளே அப்ரூவர்!

அவன் சுவத்துல ஒரு ஆணி. ஆணியில அதே பழைய விசில். எடுத்தான். ஊதினான். "ஃபவுல்!"

கடையில இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்டாட்டி கரண்டியால மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சா.

"இது சாவல மாமு. உள்ள ஒரு காவல் போர்டு கீது. நீ ஸ்பேனர் வெச்சதும் கதவ சாத்திகினு குந்திகீது. சார்ஜர் குடுத்தா தொறந்துக்கும். அந்த போர்டு இல்லன்னா இன்னிக்கு நீ வேனோட வெந்துருப்ப. தண்ணியும் வாணாம், பொறியும் வாணாம். முழுசா சார்ஜ் ஏத்து, ஃப்ரிட்ஜப் போடு, எத்தினி மணி நேரம் ஓடுதுன்னு பாரு. அதான் டெஸ்ட்டு."

"சரி, சார்ஜரைக் குடு."

கையில எடுத்தவன் அப்படியே நின்னுட்டான். "குடுக்கறேன். காசு வாணாம். ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அன்னிக்கு அது ஆஃப்சைடுதான்னு சொல்லு."

உயிரே போனாலும் சொல்லமாட்டேன்னு நெஞ்சை நிமித்தினேன். ஸ்டெல்லா கரண்டியைத் தூக்கினா. "யோவ், எனக்கு வேளாங்கண்ணி போவணும்!"

"...ஆஃப்சைடு."

"கேக்கல."

"ஆஃப்சைடுதான்யா!"

சார்ஜரை மாட்டினான். கொஞ்ச நேரத்துல மீட்டர்ல பதிமூணு வோல்ட்டு! வேன்ல வெச்சதும் ஃபேன் சுத்துது, ஃப்ரிட்ஜ் உறுமுது. நான் நடுரோட்டுல ஒரு குத்தாட்டம் போட்டேன். ரத்தினமும் ஆடினான். ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். அப்புறம்தான் யாரைக் கட்டிப் பிடிச்சிருக்கோம்னு ஞாபகம் வந்து கையை எடுத்துட்டேன்.

மறுநாள் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தப்ப இன்சுலின் ஜில்லுன்னு இருந்துச்சு. ஸ்டெல்லா மெழுகுவத்தி வாங்கப் போனா. நான் நேரா ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் முழங்கால் போட்டேன்.

"ஃபாதர், நேத்து ஒரு பொய் சொல்லிட்டேன். அது ஆஃப்சைடே இல்ல."