பதினெட்டுப் பூச்சு

அரசாங்கப் பத்திரக் கிடங்கின் வாசலில் காவல் நிற்கும் என் தங்கை புருஷன், ஆண்டு ஆய்வு நாளில் பெரிய அதிகாரிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். வைத்த வேகத்தில் அவர் துப்பாக்கியின் மேகசின், அதாவது தோட்டாக்களை அடைத்துத் துப்பாக்கியின் அடிவயிற்றில் செருகும் பெட்டி, கழன்று விழுந்தது. மண்ணில் விழுந்திருந்தால் மண்ணோடு போயிருக்கும். விழுந்தது பெரிய அதிகாரியின் கால் பெருவிரலில்.

சாயங்காலமே ஓலை வந்துவிட்டது. மேற்படி காவலர் மேற்படி மேகசினை மேற்படி விரல்மீது விழச்செய்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் வேலைநீக்கம்.

"நான் விழச்செய்யல மச்சான், அதுவா விழுந்துச்சு" என்றார் மாப்பிள்ளை, என் பட்டறையில் வந்து உட்கார்ந்து. "இருபது துப்பாக்கியிலயும் இதே கதைதான். தள்ளினா பாதியில இறுக்கிக்குது. டக்குனு கொக்கி மாட்டணும், மாட்டவே மாட்டேங்குது."

இரும்போடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவன் நான். மறுநாளே அவரோடு ஆயுத அறைக்குப் போனேன். மேகசினைக் கையில் வாங்கியதுமே விஷயம் விளங்கிவிட்டது.

"என்ன சார் இவ்வளவு தடிமனா பெயின்ட்?"

"ஒவ்வொரு ஆய்வுக்கு முன்னாடியும் ஒரு பூச்சு" என்றார் ஆயுத அறை அதிகாரி, பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. "பதினெட்டு வருஷம், பதினெட்டுப் பூச்சு. ஒரு வருஷம் தவறினதில்ல."

இடுப்புக் கத்தியை எடுத்து அந்த ஒன்றை மட்டும் சுரண்டினேன். செருகினேன். டக்! உலுக்கினேன், அசையவில்லை. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரிக்கும் கலங்கியது, பெயின்டை நினைத்து.

"அரசாங்கச் சொத்தைச் சுரண்டிட்டியேய்யா!"

கண்ணாடிப் பேழையிலிருந்து ஒரு மேகசினை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். அதுதான் அங்கீகரிக்கப்பட்ட மாதிரி. அதற்கும் பதினெட்டுப் பூச்சு.

"எல்லாமே இதோட ஒத்துப்போகுது. நீ சுரண்டினது மட்டும்தான் ஒத்துப்போகல."

"அதுதானே சார் துப்பாக்கியில உட்காருது?"

"அப்ப கோளாறு துப்பாக்கியில."

"பின்ன எங்க மாப்பிள்ளைக்கு எதுக்கு ஓலை?"

"துப்பாக்கிக்குச் சான்றிதழ் இருக்கு. மேகசினுக்கு மாதிரி இருக்கு. ரெண்டும் இல்லாதவர் இவர் ஒருத்தர்தான்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. மேசையைப் புரட்டிப்போட்டிருப்பேன். ஆனால் பேரம் பேசியே வயிறு வளர்த்தவன். புரட்டிய மேசையில் யாவாரம் நடக்காது.

"சரி சார், மேகசினைச் சுரண்ட வேண்டாம். துப்பாக்கியில மேகசின் செருகுற வாயை உள்பக்கம் அரத்தால கொஞ்சம் ராவி அகலமாக்கினா?"

அதிகாரி மாதிரியைப் பத்திரமாகப் பேழைக்குள் வைத்து மூடினார்.

"அது சுரண்டல் இல்லையே. அது மேம்பாடு."

மேம்பாட்டுக்கு நிதி இருந்தது. இருபது துப்பாக்கியும் என் பட்டறையில் வாய் அகன்றன. பதினெட்டுப் பூச்சு மேகசின்கள் டக்டக்கென்று உட்கார்ந்தன. விழுந்ததற்குக் காரணம் மேம்பாடின்மை என்று கோப்பில் எழுதி ஓலையைக் கிழித்தார்கள். என் தங்கை வீட்டில் மறுபடி அடுப்பு நிம்மதியாக எரிந்தது.

அடுத்த ஆய்வு வந்தது. பத்தொன்பதாவது பூச்சு. மறுபடி இறுக்கம், மறுபடி மேம்பாடு. இப்போது வருஷம் தவறாமல் ராவுகிறேன். பூச்சு வேலையையும் போன வருஷம் நானே எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் தாராளமாகவே பூசுகிறேன். முன்போல எனக்குக் கோபமும் வருவதில்லை.

போன வாரம் மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மச்சான், ராவி ராவி வாயோட சுவர் காகிதமாயிடுச்சே. சுட்டா என்ன ஆகும்?"

"உங்களை யாரு சுடச் சொன்னா? சல்யூட் மட்டும் வைங்க."

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவர் காவல் காக்கிற கிடங்கில்தான் உங்கள் வீட்டுப் பத்திரம் இருக்கிறது. போன வாரம்தான் நினைவுக்கு வந்தது: என் பட்டறையுடையதும்.