சாக்குத் தந்தார்களா?

வெங்காயக் கிடங்கிலிருந்து வெளியே வந்து லண்டன் எட்மண்டனில் இருந்த என் அறையை நோக்கி நடந்தபோது மிகவும் சந்தோஷமாக இருந்தேன். வேலை போய்விட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் அடுக்கிய வெங்காய மூட்டைகள் அந்தக் கிழமை இரண்டாம் தடவையாகச் சரிந்திருந்தன. மேற்பார்வையாளர் வந்தார், பார்த்தார், “நாளைக்கு நீ வரவேண்டாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். லீவு தருகிறார் என்று நினைத்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். (மனிதர் ஏன் அப்படி முழித்தார் என்பது பிறகுதான் விளங்கியது.) மறுநாள் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய், வெள்ளைக்காரனுக்கு நல்ல மனதைக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி, பொங்கலும் சாப்பிட்டு வந்தேன். அதற்கடுத்த நாள் வேலைக்குப் போனால் என் கையுறைகளை வேறொருவன் போட்டிருக்கிறான்.

எண்பதுகளின் கடைசி அது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கப்பலில் கொஞ்சக் காலம், ஜேர்மனியில் கொஞ்சக் காலம் என்று அலைந்து லண்டனுக்கு வந்திருந்தேன். வேலை போவது எனக்குப் புதிதல்ல. பயம் கிங்ஸ்பரியை நினைத்துத்தான். அங்கே அக்காவின் புருஷன் நடா அத்தான் ஒரு பெற்றோல் ஸ்டேஷனின் மனேஜராக இருந்தார். “அலைஞ்சது காணும், வந்து எனக்குக் கீழை நில்” என்று ஒவ்வொரு ஞாயிறும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவார். வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் பெனிபிட் பணத்தை அரசாங்கம் தந்தால் அறையில் இருந்துகொண்டு வேறு வேலை தேடலாம். தராவிட்டால் அத்தான்.

அறையில் என்னோடு இருந்த பாலா அண்ணை பெனிபிட் கந்தோருக்குத் துணைக்கு வந்தார். ஊரில் இரண்டு தடவை ஏ.எல். பரீட்சை எடுத்தவர். ரயிலில் யாராவது விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகையை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வாசிப்பார்.

“நீ வாயைத் திறவாதை. இங்கிலீஷ் என்ரை பொறுப்பு” என்றார்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி நல்லவர். எனக்கு உதவத்தான் விரும்பினார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். பெயர், விலாசமெல்லாம் முடிந்ததும் பேனாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். பாலா அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“வேலையாலை வரேக்கை உனக்குச் சாக்குத் தந்தவங்களோ எண்டு கேக்கிறா.”

“சாக்கோ? என்ன சாக்கு?”

“நீ வெங்காயக் கிடங்கிலைதானே நிண்டனீ? நிப்பாட்டேக்கை ஒரு சாக்கு வெங்காயம் குடுக்கோணும் எண்டு சட்டம் இருக்குதாக்கும்.”

“ஒண்டும் தரேல்லை அண்ணை.”

“நல்லதாப் போச்சு. தந்ததெண்டு சொன்னா பெனிபிட்டிலை கழிச்சுப்போடுவாள்.” அவர் கவுண்டர் பக்கம் திரும்பி, “நோ சாக், மடம்” என்றார்.

பெண்மணி முகத்தில் கவலை. நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டார். இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று எனக்குப் பட்டது. எழுந்து கோட்டைத் திறந்து காட்டினேன். பொக்கற்றுகளை வெளியே இழுத்து உதறினேன். ஒரு வெங்காயச் சருகு மட்டும் மிதந்து போய்க் கவுண்டரில் விழுந்தது. (அதைப் பதற்றத்தோடு எடுத்து மறைத்தேன்.) “ஹொனஸ்ட் போய், மடம். நெவர் டேக் சாக்” என்று பாலா அண்ணை நெஞ்சில் கை வைத்துச் சாட்சி சொன்னார்.

அந்த அம்மா அப்படியும் என்னைக் கைவிடவில்லை. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி இன்னொரு கேள்வி கேட்டார்.

“தனியவோ வந்தனீ எண்டு கேக்கிறா.”

“ஓம், தனியத்தான். பஸ்ஸிலை.”

“யெஸ் மடம். பை ஹிம்செல்ஃப். பஸ்.”

பேனா கீழே இறங்கி எழுதத் தொடங்கியது. தானாக வேலையை விட்டு வந்தவருக்கு இப்போதைக்குப் பெனிபிட் கிடையாது என்று அவர் சொன்னதை மட்டும் பாலா அண்ணை ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்த்தார்.

வெளியே வந்தோம். பஸ் தரிப்பில் பாலா அண்ணை சொன்னார்: “அந்தச் சாக்கை வாங்கியிருக்கலாமடா.”

அன்று பின்னேரம் கிங்ஸ்பரிக்குப் போனேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அத்தானின் வாய் கோணிக்கொண்டே போனது. “இங்கிலீஷிலை சாக்கெண்டா வேலையாலை கலைக்கிறதடா! கலைச்சவங்களோ எண்டு அந்த மனுசி கேட்டிருக்கிறா. நீ கோட்டைத் திறந்து காட்டினியோ?” என்று கத்திவிட்டுக் கதிரையில் விழுந்து கண்ணீர் வரச் சிரித்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தான் சொன்னார்: “இனி ஒரு சாக்கும் சொல்லாதை. காலமை வா.”

பாலா அண்ணை பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். இப்போதும் ரெலிபோனில் நான் ஹலோ சொல்லுமுன்னரே “நோ சாக், மடம்” என்பார். எங்கள் வீட்டில் யாருக்காவது வேலை போனால் முதல் கேள்வி, “சாக்கோடையோ, பஸ்ஸிலையோ?” தமிழ் சரியாக வராத மருமகப்பிள்ளைகள் அந்தக் கேள்வியை மட்டும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் கேட்பார்கள்.

அத்தான் சொன்னபடி அடுத்த நாள் காலமை பெற்றோல் ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்குப் பெயர்ப்பட்டி வர ஒரு மாதம் செல்லும் என்று சொல்லி, அத்தான் தன்னுடைய பழைய பட்டியையும் பழைய சேர்ட்டையும் தந்தார். சேர்ட்டுக்குள் இன்னொருவரும் நிற்கலாம். யன்னலுக்கு வந்த முதல் ஆள் என் நெஞ்சைக் குனிந்து வாசித்துவிட்டு, “குட் மோர்னிங், நடா” என்றார்.

“யெஸ்” என்றேன்.