பனிக்குக் கீழே என் வெங்காயம்

வருஷத்தில் ஏழு மாதம் எங்கள் வீட்டுப் பின்வளவை யாருமே ஆளுவதில்லை. இதை நான் போன செப்டம்பரில்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த கையோடு அதை நானே ஆளுவதென்று முடிவெடுத்தேன்.

இந்தக் குளிர் நாட்டில், வோபர்ன் என்ற பகுதியில் எங்கள் வீடு. பின்னால் வேலியோரம், எட்டடிக்குப் பன்னிரண்டடியில், நல்ல வெயில் விழுகிற துண்டு நிலம் ஒன்று உண்டு. மே தொடங்கி செப்டம்பர் வரை அது என் மனைவி வேரோனிக்காவின் ராச்சியம். கத்தரி, தக்காளி, பயிற்றை, பாவல். அங்கே எனக்கு ஒரே வேலை, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது. எந்தச் செடிக்கு எவ்வளவு நேரம் என்பதையும் அவள்தான் சொல்லுவாள். வீட்டுக்குள்ளே ரிமோட் அவளுடையது, கட்டிலில் ஜன்னல் பக்கம் அவளுடையது. அறுபது வயதில், என் சொல் நடக்கிற இடம் ஒன்றாவது எனக்கு வேண்டும் என்று ஆசை வந்தது. எட்டடிக்குப் பன்னிரண்டடி போதும்.

மண் கிண்டும் வேலையிலிருந்து மட்டும் எனக்கு விடுதலை. பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு பிளாசா வாசலில் பனியில் சறுக்கி விழுந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. அந்த நோவு ஆறு கிழமையில் போய்விட்டது. இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வீட்டில் அது இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் பக்கத்து வீட்டுக் கஸ்பர் தன்னுடைய மெஷினைக் கொண்டுவந்து கிண்டிக் கொடுப்பான். நான் கதிரையில் சாய்ந்திருந்து மேற்பார்வை செய்வேன்.

அந்தக் கஸ்பர்தான் செப்டம்பரில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"இக்னேசியஸ் அண்ணை, ஒக்டோபரில வெங்காயம் நட்டால் பனிக்குக் கீழ கிடந்து தப்புமாம். தெரியுமே?"

"பனிக்குக் கீழையோ?"

"ஓம். மண்ணுக்குள்ள நித்திரை கொண்டுட்டு ஏப்ரலில எழும்புமாம்."

அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. மைனஸ் இருபதில் குப்பை வாளியை வீதிக்கு இழுக்க நானே நாலு உடுப்புப் போடுகிறேன். ஒரு வெங்காயம் மெல்லிய தோலோடு எப்படித் தாங்கும்? ஏப்ரல் வந்துவிட்டதென்று அதற்கு யார் சொல்லுவார்கள்? எனக்குப் பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் பேச்சைத் தொடங்கினேன்.

"இஞ்சேரும், ஒக்டோபர் துவங்கி உந்த நிலம் சும்மாதானே கிடக்குது?"

"ஓம்."

"நான் எடுக்கட்டே?"

"என்னத்துக்கு?"

"வெங்காயம் நட."

அவள் சோற்றைக் குழைத்தபடி கொஞ்சம் யோசித்தாள்.

"இடுப்பு?"

"வெங்காயத்துக்கு ஆழம் தேவையில்லை. மேலால கீறி விட்டாக் காணும்."

"அப்ப எடுங்கோ. மே லோங் வீக்கென்டில எனக்குத் திருப்பித் தரோணும். அண்டைக்குத்தான் நான் கத்தரிக் கண்டு நடுறது."

"பேச்சு மாறமாட்டன்."

"நானும்."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் வெங்காயம் எழுபத்தைந்து நாளில் கிண்டலாம். இங்கே கையில் ஏழு மாதம். இரண்டு தரம் கிண்டி, பிறம்ரனில் இருக்கும் மச்சானுக்கும் ஒரு பை கொடுக்கலாம். இவ்வளவு சுலபமாக ஏமாந்துவிட்டாளே என்று வேரோனிக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த கேள்வி, எந்த வெங்காயம். தமிழ்க் கடையில் சின்ன வெங்காயம், சூப்பர்மார்க்கெட்டில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வகைக்கு நாலு வாங்கினேன். குளிர் தாங்குவது யார் என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டி ஃபிறீசருக்குள் வைத்தேன். ஐந்தாம் நாள் எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் நாலு வகையும் ஒரே கூழ்.

"என்ர சுறா மீனெல்லாம் வெங்காயம் மணக்குது," என்றாள் வேரோனிக்கா. "ஆர் உதைச் செய்தது?"

"அது பரிசோதனை."

"நிலத்துக்குக் கீழ உவ்வளவு குளிர் இல்லை. மண் போர்த்து வைச்சிருக்கும். மேல இலையும் போட்டால் இன்னும் நல்லம்."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"யோசிச்சனான்."

செடி விற்கிற இடத்துக்குப் போனேன். அங்கே நின்ற பெண் பொறுமைசாலி. பகல் எவ்வளவு நீளம் என்று பார்த்துத்தான் வெங்காயம் மண்ணுக்குள் காய் கட்டுமாம். வெப்ப நாட்டு வெங்காயத்துக்கு இந்த ஊர்ப் பகல் பிடிபடாதாம், குளிரும் ஒத்துவராதாம். குளிர் தாங்கும் இனத்தில் விதை வெங்காயம் காட்டினாள். அதிலும் பத்துச் சத நாணயத்தைவிடச் சின்னதாகப் பார்த்து எடுக்க வேண்டுமாம். பெரியது ஒரு குளிரைக் கண்டால் தனக்கு வயது வந்துவிட்டதென்று நினைத்துப் பூக்கப் போய்விடுமாம். ஒரு வெங்காயத்துக்குள் இவ்வளவு யோசனையா? ஒரு பத்துச் சதத்தைக் கையில் வைத்து ஒவ்வொன்றாக அளந்து இருநூற்று நாற்பது பொறுக்கினேன். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. எனக்கு அது நல்ல சந்தோஷமான நேரம்.

வீட்டுக்கு வந்து நிலத்தைக் கீறத் தொடங்க, கஸ்பர் மறுபடி வேலிக்கு மேலால்.

"அண்ணை, மேலால கீறினாக் காணாது. இது களிமண். தண்ணி நிண்டு உறைஞ்சால் வெங்காயத்தை வெளியில தள்ளிப்போடும். ஒண்டரை அடி கிண்டோணும்."

"அப்ப உன்ர மெஷினைக் கொண்டா."

"மெஷின் இப்ப கையில இல்லை, அண்ணை."

கையால் கிண்டினேன். மூன்று நாள். உள்ளேயிருந்து செங்கல், கம்பி, யாரோ ஒருவரின் இடது கால் சப்பாத்து எல்லாம் வந்தன. பத்துப் பை ஆட்டெரு கலந்தேன். நகரசபை எடுக்கட்டும் என்று அயலார் வீதியோரம் வைத்திருந்த இலைப் பைகளில் பதினாறை வீட்டுக்கு இழுத்து வந்தேன். சமையலறை ஜன்னல் திரை அசையும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்து ஒரு முனகல் முனகினேன். வேரோனிக்கா தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்து தந்து, "கவனம், இடுப்பு," என்றாள். ஒக்டோபர் நடுவில் இருநூற்று நாற்பதையும் மூக்கு மேலே பார்க்க நட்டு, இலையால் மூடினேன்.

பிறகு பனி வந்தது. நான் காலையில் எழுந்ததும் பின்ஜன்னலுக்குப் போவேன். வெள்ளையைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்ப்பேன். பெப்ரவரியில் பனி கொஞ்சம் உருகிய ஒரு மத்தியானம் பொறுக்க முடியவில்லை. சூப்புக் கரண்டியோடு போய் இலையை விலக்கி ஒன்றைத் தோண்டினேன்.

"அதென்ன செய்யிறியள்?" என்று வாசலிலிருந்து கேட்டாள் வேரோனிக்கா.

"உயிரோட இருக்கோ எண்டு பார்க்கிறன்."

"நித்திரை கொள்ளுற ஆக்களை எழுப்பியே கேக்கிறது?"

வெங்காயத்தில் மூன்று வெள்ளை வேர் இருந்தது. மூடிவிட்டு வந்தேன். அன்று இரண்டு நாளுக்குப் போதுமான சிரிப்பு என் முகத்தில் இருந்தது.

ஏப்ரலில் இலைக்கு மேலால் பச்சை முனைகள் வந்தன. எண்ணினேன், இருநூற்றுப் பதினொன்று. என் வாழ்க்கையில் நான் சொன்னதைக் கேட்டு இத்தனை பேர் எழும்பியதில்லை. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

மே மாதம் தாள் ஒரு சாண் உயரம். கீழே காய் மட்டும் இல்லை. செடி விற்கிற பெண்ணிடம் ஓடினேன். பகல் நன்றாக நீண்ட பிறகுதான் கட்டும், யூலையில் கிண்டலாம் என்றாள். யாழ்ப்பாணத்து எழுபத்தைந்து நாளை நம்பினவன் நான்.

லோங் வீக்கென்ட் சனிக்கிழமை, வேரோனிக்கா நாற்பது கத்தரிக் கண்டோடு பின்வளவில் நின்றாள்.

"யூலை வரைக்கும் விடுமன்," என்றேன்.

"பேச்சு மாறமாட்டன் எண்டனீங்கள்."

"காய் கட்டேல்லை."

"தாள் இருக்குத்தானே."

ஓரத்தில் ஒரு வரிசையை எனக்கென்று விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடுங்கினாள். மண் மாப்போல இளகியிருந்ததால் பத்து நிமிஷத்தில் முடிந்தது. மத்தியானம் தேங்காய்ப்பூப் போட்டு வெங்காயத்தாள் வறை. நல்ல ருசி. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

கஸ்பரும் சாப்பிட வந்திருந்தான். இனிக் கிண்டும் வேலை எனக்கு வரக்கூடாது என்ற யோசனையில் கேட்டேன்.

"மெஷின் திரும்பி வந்திட்டுதோ?"

"எங்கையிருந்து வாறது? அதைப் போன ஓகஸ்ட்டிலேயே வித்துப்போட்டன், அண்ணை. இனி ஆர் கிண்டுறது எண்டு அக்கா யோசிச்சுத்தானே, வெங்காயத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லச் சொன்னவ." சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தான் சொன்னது விளங்கியது. குனிந்து வறையைச் சாப்பிட்டான்.

நான் வேரோனிக்காவைப் பார்த்தேன்.

"கிண்டுங்கோ எண்டு கேட்டிருந்தால் கிண்டியிருப்பியளே?" என்றாள்.

"இடுப்பு நோவோட எப்பிடி..."

"அது பத்து வருஷத்துக்கு முன்னமே சுகம். நித்திரையில நீங்கள் உதைக்கிற உதையில தெரியும்."

எனக்குக் கோபமான கோபம். இனி அந்த வளவில் கால் வைப்பதில்லை, மண்வெட்டியைத் தொடுவதில்லை, வாயே திறப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

அவள் கஸ்பருக்கு இன்னொரு கரண்டி வறை போட்டபடி, என்னைப் பார்க்காமல் பூண்டுப் பேச்சை எடுத்தாள். "உள்ளியும் ஒக்டோபரிலதான் நடுறதாம், கஸ்பர். மற்ற வேலிப் பக்கம் சும்மா கிடக்கிற நிலத்துக்குச் சரியாம். ஆனால் வெங்காயத்துக்கு நேர்மாறாம். உள்ளியில பெரிய பல்லாப் பார்த்துத்தான் நடோணுமாம்."

"ஏனாம்?" என்று கேட்டது நான்தான்.