சி பேட்ச்சின் வெற்றி ரகசியம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த ஆகப்பெரிய முன்னேற்றம், தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையின் மாடியொன்றில் 'கோல்டன் ஷாஃப்ட் நுழைவுத்தேர்வு அகாடமி' திறக்கப்பட்டதுதான். சுனிதாவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. அவளுடைய ஒரிஜினல் பி.யூ.சி. (அந்த ஊர் பிளஸ் டூ) மார்க்ஸ் கார்டு நிறுவனர் சௌந்தரராஜன் சாரின் பீரோவில் 'பாதுகாப்பாக' இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அதைப் பெங்களூர் காலேஜில் காட்டாவிட்டால் இன்ஜினியரிங் சீட் வேறு யாருக்கோ போய்விடும்.

அகாடமியில் இரண்டு பேட்ச்: ஏ, சி. பி கிடையாது. கெட்டிக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே மரியாதையான இடைவெளி வேண்டும் என்பது சாரின் கொள்கை. ஏ பேட்ச்சுக்கு தினம் ஆறு மணி நேரம் சாரே பாடம் எடுத்தார். சி பேட்ச் டைம்டேபிளிலும் அவர் பெயர்தான் இருந்தது; ஆள் ஒருநாளும் வந்ததில்லை. பிள்ளைகள் தகரக் கூரையின் கீழ் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் ரிசல்ட் வந்தது. ஏ பேட்ச்சின் ஆகச்சிறந்த ரேங்க் ஒரு லட்சத்து நாலாயிரம். சி பேட்ச் சுனிதாவின் ரேங்க் எண்ணூற்றுப் பன்னிரண்டு.

சார் உடனே 'ஒருநபர் உயர்மட்டக் குழு' அமைத்து, தானே ஆஜராகி, தன்னைத்தானே கடுமையாக விசாரித்தார். குற்றமற்றவர் என்று தெரிந்தது.

"கொஸ்டின் பேப்பர்தான் தப்பும்மா," என்றார், கார்டு கேட்டு வந்த சுனிதாவிடம். "உங்க லெவலுக்கு எறங்கிடுச்சி."

"ஆமாங்க சார். மார்க்ஸ் கார்டு?"

"இன்னா அவசரம்? ஃப்ளெக்ஸ் வெக்கணும். உன் வெற்றிக்கு நான் எப்டி காரணம்னு நாலு லைன் எழுதிக் குடுத்துட்டு கார்ட எடுத்துனு போ. தமிழ்ல எழுது, பேட்டை அம்மாங்க படிக்கணும்."

"நீங்க படிச்சுப் பாக்க வேணாமா சார்?"

"நான் கன்னட மீடியம்மா. தமிழ் பேசுவேன், படிக்க வராது. நீ நல்ல பொண்ணு, உண்மையத்தான் எழுதுவ."

அந்த நம்பிக்கையை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. எழுதிக் கொடுத்தாள். கார்டு பைக்குள் போனது.

ஃப்ளெக்ஸ் கடை டேவிட் தாளை இரண்டு தடவை படித்தார். "இன்னாம்மா, சாருக்குத் தெரியுமா?"

"அவர்தான் எழுதச் சொன்னாருண்ணே."

"அப்ப கொஞ்சம் பெருசாவே போட்டுடறன்."

வெள்ளிக்கிழமை சீட் உறுதியானது. மறுநாள் சுனிதா பேட்டைக்குத் திரும்பியபோது அகாடமி வாசலில் தெருமுனைவரை கியூ. மேலே, நான்கடி உயர ஃப்ளெக்ஸில் அவள் வாக்குமூலம்:

'சார் இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட எங்கள் வகுப்புக்கு வரவில்லை. என் வெற்றிக்கு அதுவே காரணம். ஏ பேட்ச்சுக்கு அவர் ஒருநாளும் லீவு போட்டதில்லை.'

சார் முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார். கியூவில் முதல் ஆள், பக்கத்து பாலகாட் சுரங்கக் காலனியிலிருந்து மகளோடு வந்த பார்வதம்மா.

"எங்க பொண்ண சி பேட்ச்ல சேத்துக்கோங்க சார்."

"எதுக்கும்மா? ஏ பேட்ச்லயே எடம் இருக்கு. நானே பாடம் எடுப்பேன்."

பார்வதம்மா பதறிப்போய்க் கைகூப்பினார்.

"வேணாங்க சார். அந்தப் பொண்ணுக்கு வராம இருந்த மாதிரியே எம் பொண்ணுக்கும் வராம இருங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும்."