டோனர் கிடைத்துவிட்டது என்று சொன்னது நான்தான்

விருத்தாசலம்,
திங்கட்கிழமை, பகல் பதினொன்றே முக்கால்.

மதிப்பும் பிரியமும் மிகுந்த மாப்பிள்ளை தமிழ்ச்செல்வன் அவர்களுக்கு,

மாமனார் பாலகிருஷ்ணன் எழுதுவது. நம்மூர்ப் பழமலைநாதர் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தையும் சுகம். கயல்விழியும் சுகமாகத்தான் இருக்க வேண்டும்; காலை ஒன்பது மணியிலிருந்து அவள் என்னோடு பேசாததால் கேட்டு எழுத முடியவில்லை. புனேயில் மழை விட்டதா, ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று விவரம் தெரிவிக்கவும். இதையெல்லாம் போனில் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் முன் ரூமில் கேட்கும். முன் ரூமில் உங்கள் மனைவியும் பதினைந்து குடும்பத்து ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சமையல்கட்டில் அரிசி டிரம்மின் மூடிமேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். காரணம் இனிமேல்தான் வருகிறது. நடுவில் கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

கயல் வக்கீல் வேலையை வூட்டிலிருந்தே பார்ப்பதற்குச் சின்னதாக ஒரு லேசர் பிரிண்டர் வாங்கித் தரச் சொல்லி, போன மாதம் வாட்ஸ்அப்பில் முழ நீளத்துக்கு அனுப்பியிருந்தீர்கள். மை ஊற்றும் ஜாதி வேண்டாம், நம்மூர் வெயிலுக்குக் காய்ந்து அடைத்துக்கொள்ளும், பொடி போடுகிற லேசர்தான் சரி என்றீர்கள். பெட்டியோடு வருகிற டோனர் பொடி சும்மா மாதிரிக்குப் போட்டது, சீக்கிரம் தீர்ந்துவிடும், கையோடு இன்னொன்று வாங்கி வையுங்கள் என்றீர்கள். உள்ளே சூடு போடுகிற உருளை இருக்கிறது, கரண்டை இழுக்கும், இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள் என்றீர்கள். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன் மாப்பிள்ளை, படிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கடைக்குப் போனதும் நான் எடுத்தது அளவு டேப்பைத்தான். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பதினைந்து அங்குலம் இடம். அதில் உட்காரக்கூடியது எது என்று ஒவ்வொரு பெட்டியாக அளந்தேன். கடைக்காரப் பெண், "சார், இன்னொரு டோனர் எடுத்துக்குங்க, இந்த மாடலுக்கு இங்க ஸ்டாக் வராது, கடலூர்லேந்துதான் வரணும்" என்றது. உங்கள் வாய் வார்த்தையையே அந்தப் பெண் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று முடிவு பண்ணி, பிரிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். பதினைந்து அங்குலத்தில் அது உட்கார்ந்த அழகைப் பார்த்து உங்கள் அத்தை சந்தனம் குங்குமம் வைத்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்மாபுரம் பக்கத்தில் ஓர் ஊர். சுரங்கத்துக்கு நிலம் எடுக்க நோட்டீஸ் வந்திருக்கிறது. இருபத்து மூன்று குடும்பம் கயலிடம் வந்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆட்சேபனை மனு கொடுக்க வேண்டும். எத்தனை சென்ட், என்ன சர்வே நம்பர், கிணறு, மரம் எல்லாம் எழுதி மூன்று பக்கம். கடைசி நாள் இன்று. சாயந்திரம் ஐந்தரை மணிக்குள் ஆபீஸில் பதிவாகாத மனு மனுவே இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்டுக் குடும்பத்து மனு அடித்ததும் டோனர் தீர்ந்துபோனது. கயல் பதறவில்லை. "காலையில பஜார்ல கடையில குடுத்து மீதியை அடிச்சுக்கலாம்பா, நான் ஊருக்குப் போயி எல்லாரையும் ஒம்போது மணிக்கு வரச் சொல்லிட்டு வரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அந்தப் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வூட்டில் மெஷினை வைத்துக்கொண்டு கடையில் போய் அடிப்பதா? காட்ரிட்ஜைக் கழற்றி ஆட்டிப் பார்த்தேன். உள்ளே கொஞ்சம் கருப்புப் பொடி. விரலால் தொட்டு நிமிண்டிப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷம் செராமிக் கம்பெனியில் ஓட்டுக்கு மேல்பூச்சான கிளேஸ் கலந்த கை மாப்பிள்ளை இது. இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாள் ஜமால் பாயின் செராமிக் ஓட்டு யூனிட்டுக்குப் போய்க் கலந்து கொடுத்துவிட்டு வருகிறேன். அந்தப் பொடியின் மென்மையும் கருப்பும் எனக்குப் பழகினவை. பாய் யூனிட்டில், வாசலில் பதிக்கிற ஓட்டின்மேல் நம்பர் எழுதுகிற கருப்புச் சாயப் பொடி நம் பரண்மேல் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது. மேலே என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள், தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

அரைகுறையாகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். மெல்லிய துணியில் இரண்டு தடவை சலித்தேன். காலண்டர் தாளைப் புனல் மாதிரி சுருட்டி, ஸ்குரூடிரைவரால் மூடியை நெம்பி, ஒரு பொட்டு சிந்தாமல் போட்டு, பழைய பொடியோடு நன்றாகக் கலக்கிவிட்டேன். கயல் சொல்லிக்கொடுத்திருந்தபடி அவள் லேப்டாப்பில் அமுக்கினேன். உருளை சூடானபோது டியூப்லைட் ஒரு தடவை மங்கியது, தாள் வந்தது. எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. பதினைந்து குடும்பத்துக்கும் அடித்து, அடுக்கி, மேலே பேப்பர்வெயிட் வைத்தேன். கயல் திரும்பி வந்து மேல்தாளை எடுத்துப் பார்த்து, "டோனர் எங்கப்பா கெடைச்சுது?" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? விவரத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "கெடைச்சுதும்மா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்னப்பா பண்ணுவேன்" என்றாள். அதற்குப் பிறகு எப்படி மாப்பிள்ளை வாயைத் திறப்பது?

இன்று காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்தார்கள். முதலில் கையெழுத்துப் போட வந்தது வீராயி என்கிற அம்மாள். ஒத்தை ஆள், ஒன்றரை ஏக்கர் முந்திரிக் கொல்லை. வேர்த்த கையோடு தாளைத் தடவி, "இதுல எம் பேரு எங்க இருக்குது?" என்று கேட்டது. கயல் தொட்டுக் காட்டினாள். அந்த அம்மாள் பெயரின்மேல் விரலை வைத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்தது. பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தது. "யம்மா வக்கீலம்மா, எஞ் சர்வே நம்பரு கையோட வந்துட்டுது" என்றது.

கயல் அந்தத் தாளை எடுத்து உதறினாள். பொடி பறந்தது. அடுத்த தாளை உதறினாள். அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. கிளேஸில் வெறும் சாயப் பொடியைப் போட்டால் ஓட்டில் நிற்குமா? உருகிப் பிடித்துக்கொள்ள ஃபிரிட் என்று கண்ணாடித் தூள் சேர்க்க வேண்டும். டோனரிலும் அப்படி உருகுகிற பிளாஸ்டிக் ஏதோ இருக்கிறது. உருளை சூட்டில் அதுதான் எழுத்தைத் தாளோடு ஒட்டுகிறது. என் பொடி உருக வேண்டுமானால் சூளைக்குள் போக வேண்டும். அதை அந்த இடத்திலேயே எல்லோருக்கும் விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. கயல் என்னைப் பார்த்து, "இதத்தான் கெடைச்சுதுன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

பஜாருக்கு ஓடலாம் என்றால் இன்று மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஊரில் கரண்ட் கிடையாது. ஜெராக்ஸ் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்வெர்ட்டரில் போட்டுப் பாருங்கள் என்று ஒருவரிடம் கெஞ்சினேன். "உருளை சூடாகறதுக்குள்ள பேட்டரி படுத்துரும் சார்" என்றார், நீங்கள் சொன்ன அதே காரணம். பக்கத்து மங்கலம்பேட்டைக்கு வண்டியில் போன ஆள் அங்கேயும் கரண்ட் இல்லை என்று போன் பண்ணிவிட்டார். உடனே கயல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "கையால எழுதுவோம். கையால எழுதுன மனுவ வாங்க மாட்டேன்னு சொல்ல யாராலயும் முடியாது" என்றாள். நகலுக்குக் கார்பன் தாள் வாங்கி வந்து உட்காரும்போது மணி பதினொன்று. வேகமாக எழுதத் தெரிந்தவர்கள் நான்கு பேர். அவள் லேப்டாப்பைப் பார்த்து வாசிக்கிறாள், அவர்கள் எழுதுகிறார்கள். ஒரு மனுவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பதினைந்து மனு. ஐந்தரைக்குள் முடியுமா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். நானும் எழுதுகிறேன் என்று போனேன். கயல் ஏறிட்டும் பார்க்காமல் உங்கள் அத்தையிடம், "அப்பாவ எந்தத் தாளையும் தொட வேணான்னு சொல்லும்மா" என்றாள். ராஜம்மாளும் இரண்டு அடி தூரத்தில் நின்ற என்னிடம் வந்து அதை அப்படியே சொன்னாள்.

ஆகவே மாப்பிள்ளை, என் வேண்டுகோள் மூன்று. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று கயல் அவள் அம்மாவிடம் சொன்னதாகக் கேள்வி. நீங்கள் பேசித் தடுக்க வேண்டும். அந்தப் பிரிண்டரை வந்த விலைக்குத் தள்ளிவிட உங்கள் சம்மதம் வேண்டும். இனி ஆயுசுக்கும் எந்த மெஷினையும் தொட மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்ததாக இதையே வைத்துக்கொள்ளலாம்.

மணி இரண்டு ஐம்பது. ஆறு மனு பாக்கி. எழுதுகிறவர்களில் ஒருவருக்கு விரல் மடங்கிக்கொண்டு நிமிரவில்லையாம். வீராயி சமையல்கட்டு வாசலில் வந்து நிற்கிறது. "அண்ணே, இங்க இன்னா எழுதிக்கினு இருக்கற? எழுத்து நல்லாத்தான இருக்குது. எனக்கு எழுதித் தா" என்கிறது. வக்கீலம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். "நெலம் என்னுதா வக்கீலம்மாவுதா" என்கிறது. எழுந்து போகிறேன்.

மணி ஆறேகால். பதிவாகிவிட்டது. இருபத்து மூன்றும். கடைசி முத்திரை விழும்போது ஐந்து இருபத்தாறு. நான் எழுதியது இரண்டு மனு, கயல் கார்பனை என் பக்கம் தள்ளி வைத்தாள். வீராயி சொல்லச் சொல்ல எழுதினேன். முந்திரி பதினேழு மரம், வேம்பு இரண்டு, போர் ஒன்று. முடித்துவிட்டேன் என்று பேனாவை மூடினால், "போர்க்கொட்டாயாண்ட எங்க வூட்டுக்காரர அடக்கம் பண்ணி வச்சிருக்கறேன், அதயும் எழுது" என்றது. மனுவில் அதற்குத் தலைப்பு இல்லை. கயலைப் பார்த்தேன். "இதரன்னு போட்டு எழுதுங்க" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். எழுதினேன் மாப்பிள்ளை. நேற்று இதே அம்மாளுடைய தாளைத்தான் சலித்த பொடியில் அடித்து, பேப்பர்வெயிட் வைத்துவிட்டு, கால்மேல் கால் போட்டு டீ குடித்தேன்.

விசாரணை அடுத்த மாதம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்களும் கயலும் எல்லாச் செல்வமும் பெற்று நூறு வயது வாழ எங்கள் ஆசிகள். அந்த வாழ்க்கையில் ஒரு மூலையில் என் மேல் கோபம் இல்லாமலும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
பாலகிருஷ்ணன்

பின்குறிப்பு: இன்று ஞாயிற்றுக்கிழமை. கடிதம் ஆறு நாளாகச் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. மேலே கேட்ட மூன்றையும் தயவுசெய்து கோடு போட்டு அடித்துவிடவும். வீணான தாள்களைக் குப்பையில் போட மனசு வரவில்லை. என் பொடிக்கு வேண்டியது சூளைதானே என்று வீராயியின் முதல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போய், ஜமால் பாய் யூனிட்டில் சுடாத கிளேஸ் ஓட்டின்மேல் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி அமுக்கிச் சூளையில் வைத்தேன். தாள் எரிந்துபோய் எழுத்து ஓட்டில் நின்றது. பெயர், சர்வே நம்பர், எல்லாம் கன்னங்கரேலென்று. ஆனால் இடம் வலமாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. வூட்டுக்குக் கொண்டுவந்து பிரிண்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கயல் வந்து ஓட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். லேப்டாப்பை இழுத்து, பிரிண்டர் செட்டிங்கில் ஒரு டிக் போட்டாள். "இது போட்டா எழுத்தத் திருப்பி அடிக்கும்பா, ஓட்டுல நேரா விழும். தாள நேரா வச்சு அமுக்குங்க" என்றாள். கடலூரிலிருந்து வந்த புது டோனர் கோர்ட்டு வேலைக்கு, என் காட்ரிட்ஜ் சூளைக்கு என்று மேலே ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டாள். ரூமைப் பற்றிப் பேச்சே இல்லை. நேற்று இரண்டாவது ஓடு வந்தது. வீராயி கையில் கொடுத்தேன். அந்த அம்மாள் கொல்லை வாசலில் பதிக்கிறதற்கு முன்னால் விரலில் எச்சில் தொட்டு நம்பரின்மேல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அழுத்தித் தேய்த்தது. விரலைத் திருப்பிப் பார்த்தது. முந்தானையால் இன்னொரு தரம் தேய்த்தது. விரல் சுத்தமாக இருந்தது. பிரிண்டரை விற்க வேண்டாம் மாப்பிள்ளை, மற்றக் குடும்பங்களுக்கு இன்னும் இருபத்திரண்டு ஓடு பாக்கி இருக்கிறது.