இருபத்தேழாவது பேச்சாளர்

பட்டியலில் ரசீதாவின் பெயர் இருபத்தேழாவதாக இருந்தது.

மொத்தம் முப்பது பேர். முப்பதாவது நன்றியுரை. தலைவர் பதினொரு மணிக்கு மேடையேறுவார், நாலைந்து பேர் பேசுவதை உட்கார்ந்து கேட்பார், அப்புறம் அவரே மைக்கைப் பிடித்துவிடுவார் என்று ஏற்பாடு. அவர் பிடித்த பிறகு மிச்சமிருக்கும் பெயர்களெல்லாம் "நேரமின்மை காரணமாக" என்ற இரண்டு வார்த்தையில் கரைந்துபோகும். மணி பத்தாகிவிட்டது. சங்கரன்கோவில் மாநாட்டுப் பந்தலில் மூன்றாவது பேச்சாளர், மேடையில் இருந்தவர்களை "அவர்களே, அவர்களே" என்று இன்னும் விளித்து முடிக்கவில்லை.

ரசீதாவின் கணவர் ரிபாயி பந்தல் காலில் ஒட்டியிருந்த பட்டியலை இரண்டு தடவை படித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அவர் சட்டைக் கையை மடித்தால் ஏதோ ஒன்றைச் சரிசெய்யப் புறப்பட்டுவிட்டார் என்று அர்த்தம்.

பத்தொன்பது வருஷம் சவுதியில், தம்மாமில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் வரிசையை ஒழுங்குபடுத்தியவர். எட்டு மாசத்துக்கு முன்புதான் ஊரோடு வந்து சேர்ந்திருந்தார். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ரசீதா வீடு கட்டினாள், மாமியாரைக் கடைசி வரை பார்த்தாள், போதாக்குறைக்குக் கட்சியில் நகர மகளிரணித் துணைச் செயலாளரும் ஆகியிருந்தாள். ரிபாயி செய்தது, வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணியது. ஒரு தடவையாவது அவளுக்கு உபயோகமாக இருந்துவிட வேண்டும் என்று அவர் மனசுக்குள் ஒரு வைராக்கியம்.

அவள் பேச வேண்டிய விஷயமும் சாதாரணமானது அல்ல. புளியங்குடி ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே ஆனைக்கல்பட்டி. பஸ் கிடையாது. அங்கிருந்து காலேஜுக்கு வந்துகொண்டிருந்த ஏழு பெண்பிள்ளைகளில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். ஐந்தாவதாக நிற்கப்போவது ரசீதாவின் அண்ணன் மகள் ஜுவைரியா. "திங்கக்கிழமையில இருந்து அனுப்ப மாட்டேன், இருட்டுல நடந்து வார பிள்ளைக்கு யாரு பொறுப்பு?" என்று அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார். தலைவர் காதுபட அதைச் சொல்லத்தான் ரசீதாவுக்கு அந்த ஐந்து நிமிஷம்.

காலையில் பந்தலுக்குள் அவரை உட்காரவைத்தபோதே அவள் சொன்னாள். "மச்சான், நீங்க இங்கன இருந்து கூட்டத்தப் பாருங்க. ஒண்ணுஞ் செய்யாண்டாம். நான் நம்ம பிள்ளையளப் பாத்துட்டு வாரேன்." சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கத்து வாசல் வழியாகப் போனாள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது ரிபாயிக்கு வராது.

மேடைப் பொறுப்பு ஆறுமுகச்சாமியிடம் இருந்தது. காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா. அவர் எழுதினால் பேச்சாளர், அடித்தால் பார்வையாளர்.

"அண்ணாச்சி, இருபத்தேழு ரொம்பப் பின்னால கெடக்கே. தலைவர் வந்து உக்காரயில எட்டாவது ஆளு பேசிட்டிருக்கும். ரசீதாவ எட்டுல போடுங்க."

"எட்டு வாசுதேவநல்லூர்க்காரருக்கு, பாய். புது வேட்டி கட்டிட்டு வந்து நிக்காரு."

"இருபத்தேழுல பேசினாலும் அது புது வேட்டிதான அண்ணாச்சி?"

ஆறுமுகச்சாமி அசையவில்லை. ஆனால் அவர் கண் டீ அண்டாவின் பக்கமே போய்ப் போய் வந்தது. அங்கே நூறு பேர் முண்டிக்கொண்டிருந்தார்கள். ரிபாயி போனார். கையைத் தட்டினார். ஐந்தே நிமிஷத்தில் அந்தக் கும்பல் இரண்டு வரிசையானது. முதல் டீ ஆறுமுகச்சாமியிடம் வந்தது. காலையிலிருந்து அவர் குடித்த முதல் வாய். பாதி டீயில் இருபத்தேழை அடித்து எட்டில் எழுதினார்.

ரிபாயி ரசீதாவுக்குப் போன் பண்ணினார். "உன்ன எட்டுக்கு ஏத்திட்டேன்!"

போனில் ஒரே காற்று இரைச்சல். "ஒண்ணுஞ் செய்யாதீங்கன்னேம்லா மச்சான்? இங்கன சத்தமா இருக்கு. வைக்கேன்."

கூச்சப்படுகிறாள் என்று நினைத்து ரிபாயி சிரித்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு மைக்கில் அறிவிப்பு வந்தது. தலைவர் புளியங்குடியில் வரவேற்பில் இருக்கிறார், ஒரு மணிக்கு வந்துவிடுவார். அப்போது ஆறாவது ஆள் பேசிக்கொண்டிருந்தார். ரிபாயிக்கு வேர்த்துவிட்டது. எட்டாவது ஆள் பேசும்போது தலைவர் நாற்காலியில் துண்டுதான் இருக்கும்.

ஓடினார். "அண்ணாச்சி, எட்டு வேண்டாம். பதினாறுல போடுங்க."

"முன்னால ஏத்தும்னீரு, ஏத்தினேன். இப்பம் பின்னால எறக்கணுமா? என்ன வே, பல்லாங்குழியா ஆடுதோம்?"

"தலைவர் லேட்டுன்னா நம்பரும் லேட்டாகணும்லா?"

அதில் ஒரு நியாயம் இருப்பது ஆறுமுகச்சாமிக்கே தெரிந்தது. ஆனாலும் சும்மா செய்ய மனசில்லை. "பக்கத்துக் கல்யாண மண்டபத்துல பேச்சுப் போட்டி. நடுவர் வரல. போயி உக்காந்து மார்க் போட்டுட்டு வாரும். பதினாறு உமக்கு."

மண்டப வாசலில் ரத்ததான முகாம். உள்ளே தலைவரின் புகைப்படக் கண்காட்சி. அதைத் தாண்டினால் போட்டி. தலைப்பு, 'தலைவரின் இளமைக் காலம்'. ஆளுக்கு ஐந்து நிமிஷம். ஒன்பது கல்லூரிப் பெண்கள் பேசினார்கள். ரிபாயி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

நாலாவதாக வந்த பெண் இரண்டு நிமிஷத்தில் முடித்தாள். "தலைவரின் இளமை பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாததைச் சொல்ல விரும்பவில்லை. வணக்கம்." ரிபாயிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் முடித்த மாதிரி மாநாட்டு மேடையில் காலையிலிருந்து யாருமே முடிக்கவில்லை. முதல் பரிசு.

செய்தி கேட்டு ஆறுமுகச்சாமி தலையில் கைவைத்தார்.

"கடைசியாப் பேசுனது யாரு மக தெரியுமா? மாவட்டச் செயலாளர் பேச்சிராஜ் அண்ணாச்சி மக, சங்கரேஸ்வரி! தலைவர் செருப்பில்லாம பள்ளிக்கூடம் போனதச் சொல்லிக் கண்ணீர் விட்டு அழுதுச்சாம். அதுக்காவது மார்க் போடக் கூடாதா?"

"பதினோரு நிமிஷம் அழுதுச்சு அண்ணாச்சி. டைம் அஞ்சு நிமிஷம்லா?"

பட்டியல் மாறிவிட்டது. பேச்சிராஜே கைப்பட மாற்றியிருந்தார். முப்பது, நன்றியுரை. முப்பத்தொன்று, ரசீதா.

"நன்றி சொன்னதுக்கு அப்புறம் பேசினா யாரு இருப்பா கேக்கதுக்கு?"

"பந்தல் பிரிக்கவன் இருப்பான்" என்றார் ஆறுமுகச்சாமி.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ரிபாயி நேரே பேச்சிராஜிடமே போனார். பேச்சிராஜ் மூன்று போன் வைத்திருந்தார். மூன்றிலும் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தப்பு என்னுது. அவளத் தண்டிக்காதிய. எனக்கு ஏதாவது வேலை குடுங்க, செஞ்சு ஈடு கட்டுதேன்."

பேச்சிராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற கிரேன் பக்கம் கைகாட்டினார். கிரேனுக்கு அடியில் தார்ப்பாயில் ஒரு மாலை கிடந்தது. புளியங்குடி மார்க்கெட்டில் பொறுக்கியெடுத்த இரண்டாயிரம் எலுமிச்சம்பழம், பதினைந்தடி நீளம்.

"இதுக்குக் காவல் இரும். தலைவர் வந்து வெடிச் சத்தம் கேட்டதும் கிரேன்காரன் தூக்கிருவான். அதுவரைக்கும் ஒரு பழம் குறையக் கூடாது. ஒழுங்கா முடிஞ்சா, தலைவருக்கு முந்தின பேச்சு உம்ம வீட்டம்மாவுக்கு."

தலைவருக்கு முந்தின பேச்சு! எட்டு என்ன, பதினாறு என்ன! ரிபாயி மாலைக்குப் பக்கத்தில் கால் அகட்டி நின்றார்.

மணி ஒன்று ஆனது. இரண்டு ஆனது. தலைவர் வரவில்லை. புளியங்குடியைத் தாண்டிவிட்டார் என்றார்கள். வழியில் எங்கோ இறங்கிவிட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டால், அங்கே டவர் இல்லை என்றார்கள். வெயில் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன இடத்தில் நின்றது.

சிவகிரியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் ரிபாயியின் காலடியில் சரிந்து உட்கார்ந்தார். "எய்யா, கண்ணு இருட்டுதே."

ரிபாயி சுற்றிலும் பார்த்தார். மாலையின் பின்பக்கத்தில், யார் கண்ணும் படாத இடத்தில், ஒரே ஒரு பழம் பறித்துத் தண்ணீரில் பிழிந்து கொடுத்தார். இரண்டாயிரத்தில் ஒன்று.

பெரியவர் எழுந்தார். அடுத்ததாகக் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணுக்குக் கண் இருட்டியது. அதற்கடுத்து ஒரே சமயத்தில் இருபது பேருக்கு. கூட்டம் நெருக்கியடித்தது. ஒருவன் மாலை நுனியையே பிடித்து இழுத்தான். விட்டால் பிய்த்து எறிந்துவிடுவார்கள்.

ரிபாயி கையைத் தட்டினார்.

"ஆம்பளைங்க இந்தப் பக்கம், பொம்பளைங்க அந்தப் பக்கம்! ஆளுக்கு ஒண்ணுதான்! மயக்கம் வாரவங்க முன்னால வாங்க!"

எல்லோருக்கும் மயக்கம் வந்தது. ஆனால் ஒருவரும் முண்டவில்லை. தம்மாமில் ரமலான் முதல் நாளில்கூட இத்தனை ஒழுங்கான வரிசையை அவர் அமைத்ததில்லை. வரிசை பந்தலைச் சுற்றி வளைந்து ரத்ததான முகாம் வரை போனது. ரத்தம் கொடுத்தவர்கள் அப்படியே எழுந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். உள்ளே பத்தொன்பதாவது பேச்சாளர், "எங்கே செல்கிறீர்கள் தோழர்களே?" என்று காலி நாற்காலிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு டம்ளரோடு வந்து கடைசியில் நின்றார்.

நாலு பத்துக்கு வெடி வெடித்தது.

"நிறுத்து! தூக்காத!" என்று ரிபாயி கத்தியது வெடிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கிரேன் தூக்கிவிட்டது. பதினைந்தடிக் கயிறு. அதில் பதினோரு எலுமிச்சம்பழம். கடைவாசலில் திருஷ்டிக்குக் கட்டுவது ஒரு கிரேன் உயரத்துக்கு வளர்ந்த மாதிரி, அது தலைவரின் தலைக்கு மேலே ஆடியது.

தலைவர் அண்ணாந்து பார்த்தார். அவர் வேட்டி முழங்கால்வரை புழுதி. ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்து நடந்தார். கயிறு கீழே இறங்கியதும், எட்டி ஒரு பழத்தைப் பறித்துத் தோலோடு கடித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. பேச்சிராஜ் மட்டும் ரிபாயியைத் தேடினார். கண்டுபிடித்தார். மேடைப் பக்கம் திரும்பிக் கையை வெட்டிக் காட்டினார்.

மைக்கில் குரல் வந்தது. "நேரமின்மை காரணமாக..."

முப்பத்தொன்றும் போய்விட்டது. நன்றியுரையும் போய்விட்டது.

தலைவர் உட்கார்ந்தபடியே பேசினார். ஒன்பதே நிமிஷம்தான். "இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஆனைக்கல்பட்டி என்று ஓர் ஊர். ஏழு பிள்ளைகள் படிக்க வந்தார்கள். நாலு பேர் நின்றுவிட்டார்கள். ஐந்தாவது பிள்ளை திங்கட்கிழமை நிற்கப்போகிறது. அந்தப் பிள்ளை நிற்கக் கூடாது. ஆகவே, அந்த ஊருக்குப் பஸ் வரும்வரை, நம்முடைய மாவட்டச் செயலாளர் தினமும் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். காரில் அல்ல. நடந்து."

எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்த பேச்சிராஜின் கை பாதியில் நின்றது. கரகோஷம் அடங்குவதற்குள் அவர் மூன்று போனிலும் பஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரிபாயி ஆறுமுகச்சாமியின் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, இது எப்படித் தலைவருக்கு?"

ஆறுமுகச்சாமி காதிலிருந்த பேனாவை எடுத்துச் சரிசெய்தார். "குறிப்பு எழுதிக் குடுத்தோம்லா. பின்ன என்ன, தானாவா தெரியும்?"

ஜுவைரியா படிப்பாள். அதில் ரிபாயிக்குச் சந்தோஷம்தான். ஆனால் எத்தனை ராத்திரி அந்த ஐந்து நிமிஷத்தை ரசீதா அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்! அவள் வாயால் வர வேண்டியது யாரோ எழுதிக்கொடுத்த குறிப்பாக வந்துவிட்டது. எட்டு, பதினாறு, முப்பத்தொன்று என்று அவளை இழுத்தடித்து, கடைசியில் இல்லாமலே ஆக்கியது அவர்தான்.

மேடைக்குப் பின்னால் வண்டிகள் நின்ற பக்கம் ரசீதா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். ரிபாயி எதையும் மறைக்கவில்லை. டீ வரிசையில் தொடங்கி எலுமிச்சை வரிசைவரை எல்லாவற்றையும் சொன்னார்.

"நன்றியுரைக்கு அப்புறமா?" என்று கேட்டு அவள் புரையேறச் சிரித்தாள்.

"சிரிக்காத ரசீதா. உனக்குன்னு கெடச்சது அஞ்சு நிமிஷம். ஒரு வார்த்தை பேச விடாம நாந்தான் கெடுத்துட்டேன்."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் தலைவரின் டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவளுடைய கைப்பையை நீட்டினார்.

"அக்கா, பைய எங்க வேன்லயே விட்டுட்டீங்க. அப்புறம் தலைவர் உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு: புளியங்குடியில வண்டியில ஏறி நீங்க பேசின பேச்சுக்கு அந்த மூணு மைலையும் நடந்து பாத்துட்டாராம், திரும்பிப் போறப்பவாவது வண்டியில ஏறிக்கலாமான்னு!"